பிள்ளை வாங்கும் துணி

ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ளே, இளஞ்சிவப்புக் கஞ்சியில், ஒரு சிறுநீரகச் செல் குடியிருந்தாள். தனியாக அல்ல. அக்கம்பக்கத்தில் அதே சாடையில் ஆயிரமாயிரம் பேர். வேளாவேளைக்குக் கஞ்சி வரும், கதகதப்பு குறையாது, ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. உடம்பு என்ற ஒன்றை அவளும் பார்த்ததில்லை, அவளைப் பெற்றவளும் பார்த்ததில்லை.

ஒருநாள் அவளுக்கு ஒரு வேலை சொல்லி அனுப்பினார்கள். மனிதக் கருமுட்டையைச் சுற்றி மெல்லிய மேலுறை ஒன்று இருக்குமே, அந்த உறையின் புரதத்தை நெய்து தர வேண்டுமாம். சிறுநீரகத்துக்கும் கருமுட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சொன்னபடி இழை கூட்டி, ஓரம் அடித்து, நடுவில் ஒரு மடிப்பு வைத்து நெய்து முடித்தாள்.

நெய்து முடித்ததும் உறைக்கு உயிர் வந்தது. முதல் வேலையாக வாயைத் திறந்தாள்.

“அம்மா, நான் யாருக்கு?”

“அது எனக்குத் தெரியாதுடி கண்ணு. நெய்யச் சொன்னாங்க, நெய்தேன்.”

“இடுப்புக்கிட்ட ஒரு மடிப்பு வெச்சிருக்கியே, அது எதுக்கு?”

“அதுவும் தெரியாது. வைக்கச் சொன்னாங்க.”

“எனக்குள்ள யாராவது வருவாங்களா?”

செல் அவள் ஓரத்தை நீவிவிட்டாள். “இவ்வளவு பாடுபட்டு நெய்யச் சொல்லியிருக்காங்கன்னா, சும்மாவா சொல்லியிருப்பாங்க?” என்றாள். பெற்றவள் சொன்ன அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உறை தன் காலமெல்லாம் கிடந்தாள். தெரியாததைத் தெரியாது என்றே விட்டிருக்கலாம். பெற்ற வாய்க்கு அது எங்கே முடிகிறது?

இவளை நெய்யச் சொன்னவர் டாக்டர் தமயந்தி. குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்றின் மாடியில் அவருடைய ஆய்வுக்கூடம் இருந்தது. எந்த விந்தணு முட்டையின் உறையில் ஒட்டுகிறது, எது ஒட்டாமல் நழுவுகிறது, ஏன் நழுவுகிறது என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அசல் முட்டையைக் கேட்டால் எந்தப் பெண் தூக்கிக் கொடுப்பாள்? ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு, மாதக்கணக்கில் காத்திருந்து எடுக்கிற முட்டை. அதைச் சோதனைக்கு வைத்து வீணாக்க யாருக்கு மனசு வரும்? அதனால் உறையை மட்டும் செய்து, மணல்பொடி அளவுள்ள மணிகளின் மேல் போர்த்தி வைத்தார்.

நம்முடைய உறையும் அப்படி ஒரு மணியின் மேல் வந்து படிந்தாள். படிந்தவுடனே அவளுக்குப் புல்லரித்தது. உருண்டையாக, மெத்தென்று, உள்ளே ஒரு ஆள் இருக்கிறதே!

“நீங்கதானா?” என்று மெல்லக் கேட்டாள்.

“யாரு தாயி?”

“எனக்குள்ள வர வேண்டியவங்க. கருமுட்டை.”

“நா பாசி தாயி. கடல்பாசி,” என்றது மணி. “மண்டபம் ஊருப் பக்கம் கடல் பாறையில ஒட்டிக் கெடந்தேன். பொம்பளைக விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கி வந்து பறிச்சாக. காயவெச்சு, காய்ச்சி, வடிச்சு, கடைசியில இப்பிடி உருட்டி விட்டாக. எனக்குள்ள என்னயத் தவிர ஒண்ணும் இல்ல. அதுவும் பூரா ஓட்ட. தண்ணி இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வரும்.”

உறைக்கு அழுகை வந்துவிட்டது. மணிக்குச் சங்கடமாகப் போயிற்று. வந்த அன்றைக்கே அழவைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வுக்கூடத்தின் உதவியாளர் செண்பகம் குனிந்து நுண்ணோக்கிக்குள் பார்த்தாள். அவள் இரண்டு பிள்ளை பெற்றவள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு வீட்டு ஞாபகம்தான்.

“இதுதானா மேடம் அந்த உறை? உள்ள முட்டை இல்லாமயா?”

“ஆமா. சட்டையை மட்டும் தெச்சு வெச்சிருக்கோம்னு வெச்சுக்கோ.”

“ஐயையோ,” என்று செண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி புதுத் துணி எடுக்கறது எங்க வீட்டுல ஆகவே ஆகாது மேடம். எங்க மாமியா தொட விடமாட்டாங்க. உடுத்தி உடுத்தி நைஞ்சுபோன பழைய வேட்டி இருக்கும் பாருங்க, அதுலதான் பிறந்த பிள்ளையைக் கையில வாங்குவாங்க. புதுசுல வாங்கினா பிள்ளை தங்காதாம்.”

“சரி, சரி. நீ அந்தத் தட்டைக் கொஞ்சம் நகத்து,” என்று தமயந்தி சிரித்தார்.

அவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். உறை மறக்கவில்லை.

“கேட்டீங்களா?” என்றாள் மணியிடம். அழுகை போன இடம் தெரியவில்லை. “நான் புதுசு! அதனாலதான் எனக்குள்ள யாரும் வரலை. நான் பழசாகணும். நைஞ்சு போகணும். அப்புறம் வருவாங்க.”

அது அப்படி அல்ல என்று மணிக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தது. அவள் முகத்தைப் பார்த்தது. “இருக்கும் தாயி,” என்று சொல்லிவிட்டது. நல்லவர்கள் செய்கிற தப்பு இது. கெட்டவர்கள் இந்த மாதிரித் தப்புச் செய்வதே இல்லை.

அதற்கப்புறம் உறைக்குப் பழசாவதே பிழைப்பாகிவிட்டது. உப்புநீரில் அலசினால் மற்ற மணிகளின் உறைகள் எரிகிறது, இழுக்கிறது என்று முனகும். இவள் மட்டும், “இன்னும் கொஞ்சம் அலசட்டும்” என்பாள். குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால், “ஓரமெல்லாம் மெத்துனு ஆயிருக்கா பாருங்க” என்று மணியைக் கேட்பாள். புதுப் பெண் சீலையைப் பத்திரப்படுத்துவதைப் பார்த்திருக்கிறோம். சீக்கிரம் கந்தலாக வேண்டும் என்று தவம் கிடந்தவள் இவள் ஒருத்திதான்.

“இப்ப எப்படி இருக்கேன்?”

“நைஞ்சுதான் போயிருக்க தாயி,” என்று மணி சொல்லும். சொல்லிவிட்டு உள்ளுக்குள் கலங்கும்.

அந்த நாளும் வந்தது.

தமயந்தி அன்றைக்குச் சிரிக்கவில்லை. “அங்கயற்கண்ணிக்கு இந்தத் தடவை ஒரே ஒரு முட்டைதான் கிடைச்சிருக்கு செண்பகம்,” என்றார். “வீட்டுக்காரருக்கும் அணு ரொம்பக் குறைவு. அதுலயும் பாதிக்கு மேல எதுக்கும் உதவாது. முதல்ல மணிகிட்ட விடுவோம். உறையில ஒட்டறதுதான் நல்ல அணு. அதுங்களை மட்டும் பிரிச்செடுத்து முட்டைகிட்ட சேர்க்கலாம்.”

“அவங்க கீழதான் உட்கார்ந்திருக்காங்க மேடம். காலையிலேருந்து தண்ணிகூடக் குடிக்கலை.”

“நானும்தான் குடிக்கலை. கொண்டா.”

தட்டில் விந்தணுக்களை விட்டார்கள். வந்த கூட்டத்தில் பாதி வட்டமடித்தது. சிலது போன வழியே திரும்பியது. சிலது தட்டின் சுவரில் போய் முட்டிக்கொண்டு, முட்டையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக் குதித்தது. அதற்கிடையில் ஒருவன் மட்டும் நேராக வந்தான். வந்து நம்முடைய உறையின் மேல் கையை வைத்தான். சாவி பூட்டில் விழுந்த மாதிரி அந்தக் கை அவளிடம் பொருந்தியது.

உறைக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. நெய்த நாளிலிருந்து அவளிடம் இருந்த இடம்தான் அது. அங்கே ஒரு கை வந்து சேரும் என்று அன்றுதான் தெரிந்தது.

“அக்கா, வந்துட்டேன்க்கா,” என்றான் அவன், மூச்சிரைக்க. “சரியான வாசல்தானே? உள்ள இருக்காங்களா?”

“இரு, கேட்டுச் சொல்றேன்,” என்றாள். ஆள் வந்துவிட்டானே! அப்படியென்றால் உள்ளேயும் வந்திருக்க வேண்டும். நாம்தான் கவனிக்காமல் இருந்துவிட்டோம். பழசாகிவிட்டோம், வந்துவிட்டாள்.

அவன் தலையில் ஒரு சின்ன மூட்டை இருந்தது. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அதன் முடிச்சுக்குக் கொண்டுபோனான்.

“அது என்ன தம்பி?”

“கதவைக் கரைக்கிற மருந்துக்கா. இதை அவுத்தாத்தான் உள்ள போக முடியும். ஒரு தடவைதான் அவுக்கலாம். அவுத்துட்டா அவ்வளவுதான், வேற வாசலுக்கு நான் ஆகமாட்டேன்.” சிரித்தான். “வேற வாசல் எதுக்கு? அதான் வந்துட்டேனே.”

மணி அதைக் கேட்டது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அதனால் முடியவில்லை.

“தாயி.”

அந்தக் குரலிலேயே உறைக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். “சொல்லுங்க. உள்ள யாராவது வந்திருக்காங்களா? ஓரமாகவாவது?”

“இல்ல தாயி.”

“நான் இன்னும் புதுசாவே இருக்கேனா?”

“நீ நல்லாவே நைஞ்சு போயிட்ட. அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஆனா யாரும் வரமாட்டாக. அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. நா வெறும் பாசி. நீ எம்மேல போத்தின துணி. நம்மள அதுக்குத்தான் செஞ்சாக.”

உறை அவன் மூட்டையைப் பார்த்தாள். அவள் சும்மா இருந்துவிட்டால் போதும். மூட்டை அவிழும், இவளுக்குள் ஒருவன் வருவான், இவளும் ஒரு வாசலாக ஒரு கணம் இருந்துவிட்டுப் போவாள். அவன் விரல் முடிச்சின் மேல் இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக அவள் எவ்வளவு காலம் அலசிக்கொண்டு கிடந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

“தம்பி, அவுக்காதே,” என்றாள்.

“ஏங்க்கா?”

“உள்ள யாரும் இல்லை.”

“சும்மா சொல்றீங்க. ஆழம் பார்க்கறீங்க.”

“இல்லடா. பக்கத்துத் தட்டுல ஒருத்தி இருக்கா. நிஜமான ஒருத்தி. ஒரே ஒருத்தி. அவளைப் பெத்துக்கொடுத்தவ கீழ பட்டினியா உட்கார்ந்திருக்கா. நீ மூட்டையை இங்க அவுத்துட்டா அங்க எதைக் கொண்டுபோவே? நம்பிக்கை இல்லைன்னா காதை வெச்சுக் கேளு.”

அவன் அவள் மேல் காதை வைத்தான். வெகுநேரம் கேட்டான்.

“கடல் மாதிரி இருக்கு,” என்றான் கடைசியில். குரல் இறங்கிவிட்டது.

“கடல்தான் அப்பு,” என்றது மணி.

அவன் முடிச்சிலிருந்து கையை எடுத்தான். மற்றக் கையையும் எடுக்கப் பார்த்தான். அது வரவில்லை. இழுத்தான், வாலை அடித்தான், புரண்டான். “அக்கா, கை விடமாட்டேங்குதேக்கா!”

“என்னாலயும் விட முடியலை தம்பி,” என்று உறை அழுதாள். விடுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிடிக்க மட்டும்தான் தெரியும்.

அப்போது மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதிலிருந்து ஒருத்தி இறங்கினாள். கத்தரி என்று அவளுக்குப் பேர். அவளும் புரதம்தான், வெட்டுகிற புரதம். இறங்கினதும் வேலைதான், நின்று பேசுகிற வழக்கம் கிடையாது.

“எங்க மடிப்பு? காட்டு, காட்டு. நிறைய பேரு காத்துக்கிட்டிருக்காங்க.”

“எந்த மடிப்பு?”

“இடுப்புகிட்ட இருக்கே, அதுதான். அதை வெட்டினா நீ தானா பிடியை விட்டுடுவே. அதுக்கப்புறம் எந்தக் கையும் உங்கிட்ட ஒட்டாது.”

உறை மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நெய்தவளுக்கே தெரியாத மடிப்பு. “இதுக்குத்தானா?” என்றாள். “அசல் உறைக்கும் இது இருக்குமா?”

“இல்லாம?” கத்தரியின் குரல் கொஞ்சம் தணிந்தது. “அசல் வீட்டுல நாங்க உள்ள இருப்போம். முட்டையோட விளிம்புல, கூப்பிடற வரைக்கும் காத்துக்கிட்டு. ஒருத்தன் உள்ள வந்துட்டான்னு வை, அவ நிறைஞ்சிடுவா. ‘போதும், கதவைச் சாத்துங்க’ன்னு எங்களை அனுப்புவா. நாங்க உள்ளேருந்து வந்து இந்த மடிப்பை வெட்டுவோம். கதவு சாத்திக்கும். அப்படித்தான் சொல்லிக் கேள்வி. நான் கண்டேனா? நானும் குடுவையில பிறந்தவதான். என்னை இப்ப மேலேருந்து ஊத்தினாங்க.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் ஆள் இல்லாத வாசல். அவள் கூப்பிட ஆள் இல்லாத வேலைக்காரி.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்வியா?” என்றாள் உறை.

“சொல்லு. சீக்கிரம்.”

“வெளியேருந்து வெட்டாதே. உள்ளேருந்து வா.”

கத்தரி கையை விரித்தாள். “உள்ள எப்படிப் போறது? மணி அடைச்சுக்கிட்டு நிக்குதே.”

“நா எங்க அடைச்சேன்?” என்றது மணி. “அதான் சொன்னேனே, எனக்குள்ள பூரா ஓட்டதான். இந்தப் பக்கம் எறங்கி எனக்குள்ள வா தாயி. தண்ணி வர்ற மாதிரி வா. நா வழி விடுறேன்.”

கத்தரி ஒரு நொடி யோசித்தாள். காத்திருந்த மற்ற மணிகளைப் பார்த்தாள். பிறகு மறுபுறம் போய் மணிக்குள் இறங்கினாள். பாசியின் ஓட்டை ஓட்டையாக நுழைந்து, இருட்டில் தடவித் தடவி வந்தாள். பாறையில் ஒட்டிக்கிடந்த காலத்தில் கடலை உள்ளே விட்டதற்கப்புறம் மணி யாரையும் இப்படி உள்ளே விட்டதில்லை.

உறை கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே எங்கோ யாரோ நடந்து வருகிற அசைவு. நடுவிலிருந்து விளிம்புக்கு. அவளுக்குள்ளிருந்து, அவளைத் தேடி.

“தம்பி,” என்றாள், “போனதும் அவகிட்ட சொல்லு. அவ போட்டிருக்கிற உறைகிட்டயும் சொல்லு.”

“என்னன்னுக்கா?”

“ஒண்ணும் இல்லை. நல்லா இருக்கச் சொல்லு.”

உள்ளிருந்து மடிப்பில் கத்தரியின் விரல் பட்டது. அவள் வெட்டுவதற்கு முன்னால், அசல் வீட்டில் முட்டை சொல்ல வேண்டியதை, மணி தன் கரகரத்த குரலை எவ்வளவு மெதுவாக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக்கிக்கொண்டு சொன்னது.

“போதும் தாயி. கதவச் சாத்து.”

அது பாசியின் குரல் என்று உறைக்குத் தெரியும். தெரிந்தே, “சரிங்க” என்றாள்.

மடிப்பு அறுந்தது. அவன் கை தானாக விட்டது. நீரோட்டம் ஒன்று வந்து அவனை அள்ளிக்கொண்டு போயிற்று. தலையில் மூட்டை அவிழாமல் இருந்தது.

மறுநாள் காலை வரை மணிகள் அந்தத் தட்டிலேயே கிடந்தன. எடுத்துக் கொட்ட அன்றைக்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை. விடிந்ததும் தமயந்தி பக்கத்துத் தட்டைத்தான் முதலில் பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

“மேடம்?” என்றாள் செண்பகம். “என்ன மேடம்? சொல்லுங்க மேடம்.”

“சேர்ந்துடுச்சு,” என்றார் தமயந்தி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சேர்ந்துடுச்சு செண்பகம். அங்கயற்கண்ணிக்குப் போன் போடு.”

“போடறேன் மேடம். பழைய வேட்டி ஒண்ணு இருந்தா எடுத்து வைக்கச் சொல்றேன்.”

“இன்னும் கர்ப்பப்பையிலயே வைக்கலை, அதுக்குள்ள வேட்டியா?”

“பழசை எடுத்து வைக்கலாம் மேடம். அதுல தோஷம் இல்லை. புதுசுதான் கூடாது.” செண்பகம் மேசையை ஒழுங்குபண்ண ஆரம்பித்தாள். மணிகள் இருந்த தட்டைத் தூக்கினாள். “இதை என்ன பண்ணட்டும்? அலசி வைக்கட்டுமா?”

தமயந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது இனிமே எதுக்கும் ஒட்டாது. பழசாப் போச்சு. கொட்டிடு.”

தட்டு சாய்ந்தது.

“கேட்டியா தாயி?” என்றது மணி, சரிந்துகொண்டே. “பழசாயிட்டியாம்.”

உறை கிழிந்த தன் இரண்டு ஓரங்களையும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டாள், பிள்ளையை வாங்கப் போகிறவள் போல.